சாகிற வேஷம்

எபினேசர் முதன்முதலில் மேடையில் செத்தபோது அவருக்கு இருபத்திரண்டு வயது. கவரைப்பேட்டைப் பக்கத்தில் ஒரு சின்ன சர்ச்சில் பெரிய வெள்ளி நாடகம். இடது பக்கத்துக் கள்ளனாக நடிக்க வேண்டிய ஆள் காய்ச்சலில் படுத்துவிட்டதால், ஈட்டியைப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்கிற சிப்பாய் வேஷத்திலிருந்து இவரைப் பிடுங்கிச் சிலுவையில் ஏற்றினார்கள். பேச இரண்டே வரி. மீதி நேரமெல்லாம் தொங்க வேண்டும், கடைசியில் தலையைச் சாய்க்க வேண்டும். ஊரே நடுச் சிலுவையைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆனால் இவர் தலை சாய்ந்தபோது பெண்கள் பக்கத்தில் ஒருத்தி முகத்தைப் பொத்திக்கொண்டாள். அவள்தான் ஹெலன். இரண்டு வருஷம் கழித்து அவளைக் கட்டிக்கொண்டார்.

அப்பா வயல் வேலைக்குப் போனவர். எபினேசர் தலையெடுத்தபோது வயல் இருந்த இடத்தில் கம்பெனிகள் நின்றன. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் இரும்பு உருக்கும் ஆலை ஒன்றில் சேர்ந்தார். மணவாள நகரில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்த மோகன்ராஜ் அந்த ஆலைக்குத் தன் நாடகக் குழுவோடு வந்தது இவர் அங்கே வேலை செய்துகொண்டிருந்தபோதுதான். டெங்கு, ஹெல்மெட், குடி என்று எதற்கு அழைத்தாலும் போய் ஆடுகிற குழு அது. மார்ச் மாதம் பாதுகாப்பு வாரம் வந்துவிட்டால் திருவள்ளூரிலிருந்து காட்டுப்பள்ளி வரைக்கும் கம்பெனிகள் கூப்பிடும். பாதுகாப்பு பெல்ட் போடாமல் மேலே ஏறி விழுந்து சாகிற தொழிலாளியின் கதைதான் எல்லா இடத்திலும். அன்று அந்த வேஷம் போட்டவன் விழுந்ததைப் பார்த்த எபினேசர் நாடகம் முடிந்ததும் மோகன்ராஜிடம் போய், "சார், ஆளு கீழ வுழுறதுக்கு முன்னாடியே கண்ண மூடிட்டாரு. வுழப்போறவன் கண்ண மூட மாட்டான்" என்றார். மோகன்ராஜ், "நீ வுழுந்து காட்டு" என்றார். சிமென்ட் தரையில் விழுந்து காட்டினார். அடுத்த வருஷம் ஆலையை விட்டுவிட்டுக் குழுவிலேயே சேர்ந்துவிட்டார்.

அதற்குப் பிறகு அவர் எத்தனை கம்பெனி வாசலில் செத்திருப்பார் என்று அவருக்கே கணக்குக் கிடையாது. விழும்போது முதலில் தரையில் பட வேண்டியது இடுப்பின் பக்கம், பிறகு தோள், கடைசியில் தன் கை மடிப்புக்குள் தலை. இது பழகப் பல மாதம் ஆனது. பத்து வரிசை தள்ளி, மஞ்சள் ஹெல்மெட்டோடு உட்கார்ந்திருக்கிறவனுக்கு முகம் தெரியாது. அவன் பார்ப்பது கையைத்தான் என்று கண்டுபிடித்தார். அதனால் சாகும்போது கையை வானத்துக்கு நீட்டுவார், விரல்களை ஒவ்வொன்றாக மடக்குவார், பெஞ்சாதி பேரைச் சொல்லி அலறுவார். உள்ளே எந்திரம் ஓடிக்கொண்டிருந்தால் அதன் அடிக்கும் அடிக்கும் நடுவில் அலறலை நுழைக்கவும் தெரிந்துகொண்டார். டீ வரும் வேளையில்கூட ஒரு கூட்டம் அந்த இடத்தில் வாயடைத்துப் போகும். அந்த அமைதிக்காகத்தான் அவர் ஆடினார். வேறெந்த வேலையிலும் அது கிடைக்காது என்று ஹெலனிடம் சொல்லுவார்.

ஆனால் அந்த வேலை மனுஷனை ஒரு மாதிரி ஆக்கிவிடும். எங்கே போனாலும் எபினேசர் ஆட்களையே பார்த்துக்கொண்டிருப்பார். பஸ் ஸ்டாண்டில் தூங்குகிறவன் வாய் எப்படிக் கோணுகிறது, கடன்காரனைக் கண்டவன் எந்தக் காலை முதலில் எடுக்கிறான் என்று மனசு தானாகச் சேர்த்துக்கொண்டே போகும். ஹெலனின் அப்பா இறந்த வீட்டில் மாமியார் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். எபினேசரும் அழுதார். அழுதுகொண்டே, அவள் அடித்துக்கொள்வதற்கு நடுவில் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொள்வதைக் கவனித்தார். ஹெலன் அதைப் பார்த்துவிட்டாள். காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒருநாள், "எங்கம்மா அழுவுறத நீ மனப்பாடம் பண்ணிக்கினு இருந்தல்ல" என்றாள்.

அன்புராஜ் குழுவுக்கு வந்தது பிற்பாடு. பெரியபாளையம் தாண்டி ஒரு கிராமம், கொஞ்சம் நெல் நிலம் வைத்திருந்த வீடு. நாடகத்தில் காமெடி அவனுக்கு. ஹெல்மெட்டைத் தலையில் போடாமல் அதில் காய்கறி வாங்கிவருகிற தொழிலாளியாக வந்தால் கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும். எபினேசர் சாகும்போது தலையை மடியில் வாங்கிக்கொள்வதும் அவன்தான். "ண்ணா, நீ சாவுறதுக்குள்ள என் காலு மரத்துப் போவுது, கொஞ்சம் சீக்கிரம் செத்துத் தொலையேன்" என்று உதடு அசையாமல் முணுமுணுப்பான். எபினேசர் பிணமாகக் கிடந்தபடி சிரிப்பை அடக்கிக்கொள்வார்.

மழைக்காலத்தில் நாடகம் இருக்காது. அப்போதெல்லாம் இரண்டு பேரும் கான்ட்ராக்டரிடம் சொல்லி ஏதாவது கம்பெனியில் தினக்கூலிக்குப் போவார்கள். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் நவம்பரில் ஒரு ரசாயனக் கம்பெனியில் கழிவுத் தொட்டி கழுவுகிற வேலை கிடைத்தது. முகமூடி இன்னும் வரவில்லை, சின்ன வேலைதானே என்றார் சூப்பர்வைசர். முகமூடி இல்லாமல் இறங்காதே என்று ஊர் ஊராகப் பாட்டுப் பாடிய இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அன்புராஜ் கண்ணடித்துவிட்டு முதலில் இறங்கினான்.

கொஞ்ச நேரத்தில் அவனாகவே ஏறி வந்தான். சுவர் ஓரம் இருந்த நீல பேரலில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தான். தொட்டியிலிருந்து ஏறுகிற எல்லாரும் அப்படித்தான் சற்று உட்காருவார்கள். எபினேசரும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"தல லேசா சுத்துதுண்ணா" என்றான்.

"நாத்தம் அப்பிடி. காத்தாட குந்து."

ஒரு கொட்டாவி விட்டான். வலது கையால் முழங்கால் மேலே பேண்ட்டை நீவிக்கொண்டே இருந்தான், சுருக்கம் எடுப்பது போல. "இன்னிக்கு இன்னா கெழம?" என்று கேட்டான். வியாழன் என்றார் எபினேசர். அதைக் கேட்டு லேசாகத் தலையாட்டினான். மறுபடியும் ஒரு கொட்டாவி. "தண்ணி இருந்தா குடுண்ணா" என்றான். குழாய் பத்தடி தூரம்தான். எபினேசர் டம்ளரில் பிடித்துக்கொண்டு வந்து அவன் வாயருகே நீட்டினார். கண் திறந்துதான் இருந்தது. தண்ணீர் உதட்டில் பட்டுத் தாடையில் இறங்கிச் சட்டையை நனைத்தது. கை முழங்கால் மேலேயே இருந்தது. அன்புராஜ் போய்விட்டான் என்று எபினேசருக்குப் புரிந்தபோது டம்ளர் காலியாகியிருந்தது.

அன்று இரவெல்லாம் அவரை அரித்தது ஒன்றுதான். அத்தனையும் ஒன்றுவிடாமல் அவருக்கு ஞாபகம் இருந்தது. கொட்டாவியின்போது மூக்கின் இரண்டு பக்கமும் எப்படி விரிந்தன, கேள்வி கேட்கும்போது குரல் எந்த இடத்தில் தேய்ந்தது எல்லாமே இருந்தது. கூடப் பிறக்காத தம்பி பக்கத்தில் செத்துக்கொண்டிருந்தபோதும் உள்ளே இருந்த அந்தப் பாழாய்ப்போன கண் தன் வேலையை விடவில்லை.

மாரடைப்பு என்றது கம்பெனி. அன்புராஜின் பெஞ்சாதி ரம்யாவிடம் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். தொட்டிக்குள்ளேயே விழுந்துவிட்டான் என்றார் ஒருவர். கதவைத் திறக்கச் சொல்லிக் கத்தினான், யாரும் திறக்கவில்லை என்றார் இன்னொருவர். எபினேசர் அவளிடம், "கஷ்டப்படலம்மா, கத்தல. சும்மா உக்காந்தாமாரியே போயிட்டான்" என்றார். செத்த வீட்டில் எல்லாரும் சொல்லுகிற சொல் அது. அவள் நம்பியதாகத் தெரியவில்லை.

ரம்யா பிறகு சிப்காட்டிலேயே ஒரு பேக்கிங் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். மார்ச் வந்தது. எபினேசரின் குழு அந்தக் கம்பெனிக்கும் போனது. பெண்கள் நீல ஓவர்கோட்டில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அதில் ரம்யா இருப்பது எபினேசருக்குத் தெரியாது. அன்புராஜ் இடத்துக்கு மோகன்ராஜே காமெடி பண்ணினார், ஒட்டவில்லை. எபினேசர் வழக்கம்போல விழுந்தார், கையை வானத்துக்கு நீட்டினார், அலறினார். கூட்டம் வாயடைத்தது. எழுந்து கும்பிடும்போதுதான் மூன்றாவது வரிசையில் அவளைப் பார்த்தார். அவள் கை தட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் ரம்யா அவர் வீட்டுக்கு வந்தாள். ஹெலன் டீ போட்டுக் கொடுத்தாள். ரம்யா அதைத் தொடவில்லை.

"அவரு கத்தலன்னு சொன்னீங்க" என்றாள்.

"ஆமாம்மா, கத்தல."

"அன்னிக்கு அங்க அப்பிடிக் கத்துனீங்களே. சாவுறவன் அப்பிடித்தான் கத்துவான்னு தெரிஞ்சிதான செய்றீங்க?"

"அது ஸ்டேஜும்மா. தூரத்துல கீறவனுக்குத் தெரியணுமேன்னு செய்யறது."

"அப்ப ரெண்டுல எது பொய்ண்ணா?"

அவளே தொடர்ந்தாள்: "எனக்குச் செஞ்சு காட்டுங்க. அவரு எப்பிடிப் போனாருன்னு."

"அதெல்லாம் வேணாம்மா."

"ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்கண்ணா. தூங்கலாம்னு கண்ண மூடுனா ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மாரி சாவுறாரு. எது நெசம்னு தெரிஞ்சா அது ஒண்ணோட போவும்."

எபினேசர் ஹெலனைப் பார்த்தார். அவள் வேண்டாம் என்று சொல்லுவாள் என்று எதிர்பார்த்தார். ஹெலன் எழுந்து தெருக்கதவைச் சாத்தினாள். "அதான் எல்லாத்தயும் பாத்து வச்சிருக்கியே. அவகிட்ட குடுத்துடு" என்றாள்.

அவர் பீரோவில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தார். முதலில் ஒன்றும் வரவில்லை. கண்ணை மூடித் திறந்தார். அப்புறம் வலது கை தானாக முழங்காலுக்குப் போனது.

"தல லேசா சுத்துதுண்ணா" என்றார். அது அவர் குரல் இல்லை.

கொட்டாவி விட்டார். பேண்ட்டை நீவினார். கிழமை கேட்டார். ரம்யா, "வியாழக் கெழம" என்றாள். அவர் தலையாட்டினார். மறுபடி கொட்டாவி. தண்ணி கேட்டார். ஹெலன் அசைவதற்கு முன்னால் ரம்யா எழுந்து உள்ளே போனாள். குடத்திலிருந்து சொம்பில் மொண்டுகொண்டு வந்து அவர் முன் மண்டியிட்டு வாயில் வைத்தாள். எபினேசர் குடிக்கவில்லை. தண்ணீர் தாடையில் வழிந்து சட்டையை நனைத்தது. திறந்த கண்ணால் அவள் முகத்தை அத்தனை கிட்டத்தில் பார்த்தார். இமைக்கக் கூடாது என்பது மட்டும்தான் அப்போது அவருக்குத் தெரிந்தது. சொம்பு காலியாகும் வரை அவள் கையை எடுக்கவில்லை.

பிறகு பின்னுக்கு நகர்ந்து உட்கார்ந்தாள். "அவருக்கே தெரியல" என்றாள். "சாவுறோம்னே தெரியலல்ல?"

"எனக்கும் தெரியலம்மா."

அவள் அழவில்லை. முந்தானையால் தரையில் இருந்த தண்ணீரைத் துடைத்தாள். ஆறிப்போன டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினாள். எபினேசர் அந்த ஈரச் சட்டையோடு வெகு நேரம் அங்கேயே இருந்தார். வாழ்க்கையில் அவர் செய்த நல்ல நடிப்பு அதுதான் என்று உள்ளே ஏதோ ஒன்று சொன்னது. சொன்னதற்காக அதை அடித்துக் கொன்றுவிடலாம் போலிருந்தது.

அதற்கு அடுத்த நாடகம் திருநின்றவூரைத் தாண்டி ஒரு உதிரிபாகக் கம்பெனியில். விழுந்தாயிற்று. கையை நீட்ட வேண்டும். நீட்ட முடியவில்லை. அலற வாயைத் திறந்தார், குரல் வரவில்லை. அவர் எழுந்து உட்கார்ந்து மூங்கில் கம்பத்தில் சாய்ந்துகொண்டார். முழங்காலை நீவினார். கொட்டாவி விட்டார். முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பின்வரிசை வரைக்கும் போனது. அவர் கண்ணைத் திறந்தபடியே அசையாமல் இருந்தார். செத்துவிட்டார் என்று யாருக்கும் தெரியவில்லை. மோகன்ராஜ் ஓடிவந்து, நாடகத்துத் தொழிலாளியின் பேரைச் சொல்லி, "ஐயோ, நம்ம முருகன் செத்துட்டானே" என்று அழுது முடித்துவைத்தார்.

திரும்பும் வழியில் தாமரைப்பாக்கம் கூட்டு ரோட்டில் டீக்கு வண்டியை நிறுத்தியபோது மோகன்ராஜ் சொன்னார்: "எனக்குப் புரியுது, எபி. ஆனா கொட்டாவி பத்தடி தாண்டாது. முந்நூறு பேரு உக்காந்துக்கினு கீறான். அவனுக்குப் பயம் வந்தாத்தான் நாளைக்கு பெல்ட்டு போடுவான். அதுக்குத்தான் நீ கத்துற. அது பொய் இல்ல. பெருசாக்கிக் காட்டுறோம், அவ்ளோதான்."

"ண்ணா, அவனுக்கு வரப்போற சாவு அப்பிடி இருக்காதே. நான் கத்திக் காட்டிக் காட்டி, கத்துனாத்தான் ஆபத்துன்னு நெனச்சிருப்பான். பக்கத்துல குந்திக்கினு கொட்டாவி வுடறவன ஒருத்தனும் திரும்பிப் பாக்க மாட்டான். நானே பாக்கல."

மோகன்ராஜ் டீயை ஊதிக்கொண்டே இருந்தார். அவர் கெட்டவர் இல்லை. எபினேசர் சொன்னதில் நியாயம் இருப்பதும் அவருக்குத் தெரியும். ஆனால் அந்த நியாயத்தை வைத்து முந்நூறு பேருக்கு நாடகம் போட முடியாது. அடுத்த வாரம் சாகிற வேஷத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டு எபினேசரை மேனேஜர் ஆக்கினார். ஒரு டை, ஒரு ஃபைல், நாலு அதட்டல். அது யார் வேண்டுமானாலும் செய்கிற வேஷம். எபினேசர் மறுக்கவில்லை.

ரம்யா கம்பெனி மேல் நஷ்ட ஈடு கேட்டு வழக்குப் போட்டாள். தொட்டியில் இருந்த வாயுதான் காரணம் என்று காட்ட, அன்று அவன் கூட இருந்த ஒரே ஆள் எபினேசர். விசாரணை நாளில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனார். நடந்ததை நடந்தபடி சொன்னார். தலை சுற்றியது, கொட்டாவி, கிழமை, தண்ணீர். சொல்லச் சொல்லவே அந்த அறையில் யார் மனசையும் அது தொடவில்லை என்று தெரிந்தது. மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. எழுதுகிறவர் எழுதிக்கொண்டிருந்தார்.

கம்பெனி வக்கீல் மரியாதையாகத்தான் கேட்டார். "உங்க தொழில் என்னங்க?"

"நாடகம், சார்."

"என்ன மாதிரி வேஷம் செய்வீங்க?"

"கம்பெனில செத்துப்போற தொழிலாளி."

"பல வருஷமா?"

"ஆமா சார்."

"மனுதாரருக்கு இந்தச் சம்பவத்தை நீங்க நடிச்சே காட்டினதா சொல்றாங்களே. உண்மையா?"

எபினேசர் ரம்யாவைப் பார்த்தார். அவள் யாரிடமோ மனசு ஆறச் சொல்லியிருக்க வேண்டும். அது இங்கே வந்து சேர்ந்துவிட்டது. "காட்டினேன் சார். அவங்க கேட்டாங்க" என்றார். வக்கீல் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

வெளியே வந்து இருவரும் பஸ்ஸுக்கு நின்றார்கள். வெயில் கொளுத்தியது. கன்டெய்னர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன.

"ஊட்ல செஞ்ச மாரி அங்கயும் செஞ்சி காட்டியிருக்கலாம்ணா" என்றாள் ரம்யா.

"செஞ்சிருந்தா நடிக்கிறான்னு சொல்லியிருப்பாங்கம்மா."

"ஊட்ல செஞ்சது மட்டும் என்னவாம்?"

அவள் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. உண்மையாகவே கேட்டாள்.

எட்டு மாதம் கழித்து உத்தரவு வந்தது. வாயுவால்தான் மரணம் என்பதற்குப் போதுமான சாட்சியம் இல்லை என்று அதில் இருந்தது. ரம்யா மேல்முறையீட்டுக்குப் போகிறாள். மறுபடியும் தன்னைக் கூப்பிடுவார்கள் என்று எபினேசர் நினைத்துக்கொண்டிருக்கிறார். அதற்காக, எதுவும் விட்டுப்போகக் கூடாது என்று ஒவ்வொரு நாளும் மனசுக்குள் முதலிலிருந்து சொல்லிப் பார்க்கிறார்.

சமீபமாக ஒரு சந்தேகம் வந்திருக்கிறது. இரண்டு கொட்டாவிக்கும் நடுவில் அவர் ஒரு இடைவெளி விடுகிறார். அங்கே விட்டால் நன்றாக இருக்கிறது. ஆனால் அன்புராஜ் விட்டானா, தான் சேர்த்துக்கொண்டதா என்று இப்போது அவருக்குத் தெரியவில்லை. கிழமை கேட்டபோது அவன் குரல் தேய்ந்ததா, தான்தான் தேய்க்கிறாரா? போன வாரம் வாஷ்பேசின் முன்னால் பல் விளக்கிக்கொண்டிருந்தவர் சட்டென்று நின்றுவிட்டார். முழங்காலை நீவியது இடது கையா, வலது கையா?

ஹெலனைக் கேட்கலாமென்று அடுப்பங்கரை வாசல் வரை போனார். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் இவர் செய்து காட்டியதுதானே என்று அப்போதுதான் தோன்றியது. கேட்காமலே திரும்பி வந்தார். சட்டையை மாட்டிக்கொண்டு, டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் புறப்பட்டார்.